மாமா அனுப்பிய செவ்வாய் வீடியோவுக்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம். மனிதர்கள் செவ்வாயிலிருந்து வந்தவர்கள், அங்கே இருக்கும் கல்முகமே சாட்சி என்று உங்கள் மாமா அனுப்பிய வீடியோவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் படம் 1976-ல் வைக்கிங் 1 என்ற நாசா விண்கலம் எடுத்தது. சாய்ந்த வெயிலில் விழுந்த நிழல்தான் கண்ணும் வாயும். 2001-ல் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற இன்னொரு விண்கலம் பல மடங்கு தெளிவாக எடுத்த படத்தில் வெறும் குன்றுதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அப்புறம், நாம் பூமியிலேயே தோன்றியவர்கள் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை), நமக்கு 23. அவற்றிடம் தனித்தனியாக உள்ள இரண்டு ஒட்டித்தான் நம்முடைய இரண்டாவது குரோமோசோம் ஆனது. ஒட்டிய இடம்கூடத் தெரிகிறது. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு இரண்டு இனத்துக்கும் பழுதாகிக் கிடக்கிறது. வேறு கோளில் தோன்றியிருந்தால் இத்தனை பொருத்தம் எப்படி வரும்? குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் மறுக்க வேண்டாம், தனியாகப் பேசுங்கள். பெரியவர், மனம் நோகும்.