ஜாகுவார் இ-டைப், டட்சன் 240 இசட்: எதைப் பராமரிப்பது எளிது?

இந்த இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில், தயங்காமல் டட்சன்தான். இரண்டிலும் வரிசையாக ஆறு சிலிண்டர். ஆனால் 1961-இல் வந்த பிரிட்டிஷ் ஜாகுவாரின் 3.8 லிட்டர் எஞ்சினில் இரண்டு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), மூன்று கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி). 1969-இல் வந்த ஜப்பானிய டட்சனின் 2.4 லிட்டர் எஞ்சினில் ஒரே கேம்ஷாஃப்ட், இரண்டு கார்புரேட்டர். டியூனிங் அந்த அளவுக்குச் சுலபம்.

ஜாகுவாரின் பெரிய தலைவலி பின் பிரேக். டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. டிஃபரன்ஷியலின் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் டிஸ்க்கில் தெறிக்கும். பேட் ஊறிப்போய் பிரேக் பிடிக்காது. முழுதாகச் சரிசெய்யப் பெரும்பாலும் பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் கூண்டையே இறக்க வேண்டும். டட்சனில் பின் டிரம் பிரேக்குகள் சக்கரத்திலேயே இருப்பதால் அந்தப் பாடு கிடையாது.

டட்சனுக்கு எமன் துரு. பேட்டரியைத் தூக்கிவிட்டு அடித்தட்டைப் பாருங்கள். அமிலம் தின்ற தகடு பொருக்குப் பொருக்காக உதிரும். காருக்கு அடியில் ஓடும் சட்டங்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம்.