கல்லூரி கூடைப்பந்து அணி தோற்றுக்கொண்டே இருந்தால் கோளாறை எங்கே தேடுவது?

அமெரிக்கக் கல்லூரி அணிகளை வைத்துச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கை முதலில் ஓரம் கட்டுங்கள். டோனி பென்னட் பயிற்சியளித்த வர்ஜீனியா, நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று. ஸ்கோர் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் 2019இல் சாம்பியன் பட்டம் அவர்களுக்கே. ஆகவே, பந்து கைக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை புள்ளி எடுக்கிறோம், எத்தனை கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

அப்புறம் கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் வகுத்த நான்கு விஷயங்கள்: ஷாட் விழும் விகிதம், பந்தைப் பறிகொடுப்பது, தாக்குதல் ரீபவுண்ட் (நம் ஷாட் தவறியதும் பந்தை நாமே மீண்டும் பிடிப்பது), ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்). முதலாவதற்குத்தான் எடை அதிகம். அதில் மூன்று புள்ளி ஷாட்டை ஒன்றரையாக எண்ண வேண்டும்.

எண்கள் இடத்தைக் காட்டும். காரணம் வீடியோவில்தான் தெரியும். அடிக்கடி கண்ணில் படுவது இது: எதிரணி 2-3 ஸோன் போடும், அதாவது முன்னால் இருவர், கூடையருகே மூவர் என்று நின்று, ஆளை அல்லாமல் இடத்தைக் காப்பார்கள். நம் ஆட்கள் மூன்று புள்ளி வளைவுக்கு வெளியே பந்தைச் சுற்றிச் சுற்றிக் கைமாற்றுவார்கள். ஷாட் எடுக்கத் தரும் 30 வினாடிக் கடிகாரம் முடியப்போகும்போது யாரோ பதறி எறிவார். விழவில்லை என்று அவரைத் திட்டுவது வீண். நன்றாகப் பாஸ் கொடுக்கத் தெரிந்த ஒருவரை ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிறுத்துங்கள். பந்து அவரிடம் போனதும் ஸோன் உள்ளே சுருங்கும், மூலையில் நிற்பவருக்கு நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைக்கும்.

பறிகொடுப்பதிலும் வகை உண்டு. பந்து கோட்டுக்கு வெளியே போனால் தற்காப்புக்குத் திரும்ப அவகாசமிருக்கும். நடுவில் பறித்துக்கொண்டு ஓடினால் எதிரணிக்கு லே-அப் (கூடைக்கு அருகில் போய்ப் போடும் எளிய ஷாட்) இனாம். முதலில் இதைக் குறையுங்கள்.

ஃப்ரீ த்ரோ பயிற்சியை ஓடிக் களைத்த பிறகு வையுங்கள். சரி, பயிற்சியாளரை மாற்றலாமா? சீசன் நடுவில் வேண்டாம் என்பேன்.