தலையணைக்கு அடியில் ஒரு கறுப்புக் கத்தி

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்ததிலிருந்து ஆன்லைனில் கத்தியாக வாங்கிக் குவிக்கிறார். எல்லாம் கறுப்பு நிறம், முதுகில் ரம்பப் பல், ராணுவ பாணி என்ற அர்த்தத்தில் ‘டாக்டிகல்’ என்று பெயர். ஒன்றரை வருடத்தில் ஒன்பது ஆகிவிட்டது. ஒன்று தலையணைக்கு அடியில், ஒன்று காரில். அப்புறம் பட்டை பட்டையாகத் தைத்த பை, கையுறை, கயிற்று வளையல். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஏன் என்று கேட்டால், ‘உங்களைக் காப்பாற்றத்தான்’ என்கிறார். நான் சண்டை போடுவதா, விட்டுவிடுவதா? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

தலையணைக்கு அடியில் இருப்பதை இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். நடுராத்திரியில் கனவு கண்டு பயந்துபோய் உங்கள் மகன் ஓடி வந்து படுக்கையில் ஏறுவான். தூக்கம் கலையாத ஒரு மனிதர், பயந்த நிலையில், கையில் கத்தியோடு எழுவதை நினைத்துப் பாருங்கள். இதை அவரிடம் நேரடியாகவே சொல்லுங்கள். நல்ல அப்பாவாக இருப்பவருக்கு இது ஒன்றே போதும் என்று நம்புகிறேன்.

எனக்கும் கத்தி பிடிக்கும். பல வருடங்களாகத் தோட்டத்திலும் மர வேலையிலும் கத்தியோடு புழங்குகிறேன், சாணைக்கல்லில் தீட்டுவது எனக்கு நிம்மதியான வேலை. அதனால் உங்கள் கணவரின் ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். இருபது வயதில் நானும் ஏமாந்தவன். கைப்பிடி குழாய்போல் உள்ளே காலியாக இருக்கும், மூடியில் திசைகாட்டி, உள்ளே தூண்டில் முள்ளும் தீக்குச்சியும். ‘சர்வைவல்’ கத்தி என்று 1980களில் உலகமெங்கும் விற்ற வகை அது. முதல் தடவை ஒரு கிளையை வெட்டியபோதே அலகு கைப்பிடியில் ஆட ஆரம்பித்தது. கத்தியின் எஃகு கைப்பிடிக்குள்ளும் நீண்டு போனால்தான் அடி தாங்கும். என்னுடையதில் குட்டையான ஒரு துண்டுதான் உள்ளே நின்றது. திசைகாட்டிக்கு இடம் விட்டவர்கள் எஃகுக்கு இடம் விடவில்லை.

இன்று விற்பவற்றிலும் அதே கதைதான், வேடம் மட்டும் மாறியிருக்கிறது. கறுப்புப் பூச்சுக்கு உண்மையான பயன் உண்டு: பளபளப்பைக் குறைக்கும், துருவைத் தள்ளிப்போடும். மலிவான கத்தியில் அதுவே கரடுமுரடான வேலையை மறைக்கும் பெயின்ட். முதுகில் இருக்கும் ரம்பப் பல்லால் ஒரு கட்டையைக் கூட ஒழுங்காக அறுக்க முடியாது. அதோடு, கட்டை விரலை முதுகில் வைத்து அழுத்தி வேலை செய்கிற இடத்தையும் அது பிடுங்கிக்கொள்கிறது. அலகில் ஓடும் பள்ளத்தை ‘ரத்தம் வடிய’ என்று விற்கிறார்கள். அது பொய். உறுதி குறையாமல் எடையைக் குறைக்க வாள் செய்தவர்கள் கண்ட வழி அது. கோணமாக வெட்டிய ‘டான்டோ’ முனை ஜப்பானியப் பாரம்பரியம் என்பார்கள். இன்று நாம் பார்க்கும் அந்தக் கூர் மூலை 1980களில் அமெரிக்காவில் பிரபலமானது. பழைய ஜப்பானியக் குத்துவாள்களில் பெரும்பாலானவற்றின் முனை வளைவாகவே போகும்.

‘மிலிட்டரி கிரேடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், உங்கள் கணவர் காசு கொடுப்பது பெரும்பாலும் இந்தச் சொல்லுக்குத்தான். அப்படி ஒரு பொதுத் தரமே கிடையாது. ராணுவம் ஒவ்வொரு பொருளுக்கும் தனி விவரக்குறிப்பு எழுதி வாங்கும். பெட்டி மேல் அந்த வார்த்தையை அச்சடிக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உண்மையான ராணுவக் கத்தி எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்விட்சர்லாந்து ராணுவம் 1891இல் தன் வீரர்களுக்குக் கொடுத்ததைப் பாருங்கள். மடக்கும் அலகு ஒன்று, டப்பா திறக்க ஒன்று, துளையிட ஒன்று, துப்பாக்கியைப் பிரிக்க ஒரு திருப்புளி. மரக் கைப்பிடி. அவ்வளவுதான். ஒரு சிப்பாயின் நாளில் கத்திக்கு வரும் வேலை அதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சண்டைக்கென்றே செய்த கத்தியும் உண்டு. பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக 1941இல் வந்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் அப்படிப்பட்டது. மெல்லிய அலகு, வேறு வேலைக்கு ஆகாது, எதையாவது நெம்பினால் முனை ஒடியும்.

எஃகைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். ‘440 ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 440ஏ-இல் கார்பன் சுமார் 0.7 சதவீதம், 440சி-இல் சுமார் 1 சதவீதம். கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் இந்த வித்தியாசம் தெரியும். எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் மலிவானதுதான். ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்பது அதைவிட மோசம், எந்த எஃகையும் அப்படி அழைக்கலாம். எஃகைவிடவும் முக்கியம் துவைச்சல், அதாவது காய்ச்சி, முக்கி, பதப்படுத்துவது. நல்ல எஃகும் அங்கே கெட்டுப்போகும். விளம்பரப் படத்தில் அது தெரியவே தெரியாது. கையுறையும் பையும் கூட இப்படித்தான், அவற்றைப் பற்றி நீட்டவில்லை.

இவ்வளவும் சொன்னது நீங்கள் அவரோடு வாதாடி ஜெயிக்க அல்ல. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பக்கத்துத் தெரு திருட்டு. அவர் பயந்திருக்கிறார், சகோதரி. அந்தப் பயத்தை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிற நேரத்தில், ‘இதை வாங்கினால் நீ தைரியசாலி’ என்று ஒரு கறுப்புப் பெட்டி வந்து நிற்கிறது. வாங்கிய நாளில் நெஞ்சு நிமிரும், ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும், அடுத்தது வேண்டும். ஒன்பது கத்தி சேர்ந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு மனிதனின் பயத்தைத் திரும்பத் திரும்ப அவனுக்கே விற்கிற இந்த வியாபாரத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

கத்தியால் தற்காத்துக்கொள்ள வேண்டுமென்றால் எதிராளியை நெருங்க வேண்டும். நாம் செய்யவே கூடாதது அதுதான். பழக்கமில்லாத கை பதற்றத்தில் வழுக்கி அலகின் மேலேயே போகும். கத்தியைப் பார்த்தால் எதிராளியும் ஆயுதம் தேடுவான்.

காரில் இருப்பது வேறு வகை ஆபத்து. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்துச் சட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள, விரித்தால் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைத் தவிர வேறு எந்தக் கத்தியையும் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம், ‘தற்காப்புக்கு’ என்பதைப் பொதுவாகக் காரணமாக ஏற்பதில்லை. 2024 செப்டம்பர் 24 முதல் ‘ஜோம்பி’ பாணிக் கத்திகளை, அதாவது ரம்பப் பல் போன்றவற்றோடு பயமுறுத்தும் வடிவில் வரும் நீண்ட கத்திகளை, அங்கே வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உங்களைக் காப்பாற்றத்தான் என்று அவர் சொல்லும் அதே பதில், போலீஸ் முன்னால் அவருக்கே பாதகமாக முடியலாம்.

சரி, என்ன செய்வது? தூக்கி எறியாதீர்கள், மகன் முன்னால் கேலி செய்யாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் ஒன்பதையும் மேஜையில் வைத்து, தடித்த அட்டைப்பெட்டிகளைச் சின்னச் சின்னதாக வெட்டித் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். எது கையில் உறுத்துகிறது, எது மழுங்குகிறது என்று கையே சொல்லிவிடும். நன்றாக வெட்டியதை அவர் வைத்துக்கொள்ளட்டும், பூட்டிய பெட்டியில். ஒரு சாணைக்கல்லும் வாங்கிக் கொடுங்கள். தீட்டப் பழகியவருக்குப் பத்தாவது கத்தி தேவைப்படாது.

அன்று சாயங்காலம், பையன் தூங்கியதும், இன்னொரு பேச்சு பேசுங்கள். ராத்திரி சத்தம் கேட்டால் நாம் என்ன செய்வோம்? பையனை யார் தூக்குவது, எந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவது, போன் எங்கே இருக்கும், யாரைக் கூப்பிடுவது? பின்கதவுப் பூட்டு சரியாக இருக்கிறதா, வாசல் விளக்கு எரிகிறதா? இருவருமாக எழுந்து ஒரு சுற்று போய்ப் பாருங்கள். ‘அன்றைக்கு உனக்குப் பயமாக இருந்ததா’ என்று நீங்கள் முதலில் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டாலும் காத்திருங்கள்.