வண்டி எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பத்து, இருபது, ஐம்பது வண்டி வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் புகையையும் எரிபொருளையும் எப்படிக் குறைப்பது, மின்சார வண்டிக்கு எப்படி மாறுவது? முதலாளிகளோடு ஓட்டுநரும் மெக்கானிக்கும்கூட எழுதியிருக்கிறார்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நேராகக் கேள்விகளுக்குப் போய்விடுவோம்.

கேள்வி: பார்சல் டெலிவரிக்காக நாற்பது டீசல் வேன்கள் ஓட்டுகிறோம். படிப்படியாக எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்ற ஆசை. எந்த வேன் அதிக ரேஞ்ச் (ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம்) தருகிறதோ அதை வாங்கினால் சரியாக இருக்குமா?

பதில்: ரேஞ்சை மட்டும் பார்த்து வாங்கினால் தேவைக்கு மேல் பெரிய பேட்டரிக்குப் பணம் கொடுப்பீர்கள், அந்த பேட்டரியின் எடையைத் தினமும் சுமந்துகொண்டு திரிவீர்கள், ஏற்றுகிற லோடும் அந்த அளவுக்குக் குறையும்.

வண்டி எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு எல்லாரிடமும் இருக்கும். எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கணக்கை யாரும் வைத்திருப்பதில்லை. டீசல் வண்டிக்கு அது தேவைப்படவும் இல்லை, சில நிமிடத்தில் டேங்க் நிரம்பிவிடும். மின்சார வண்டிக்கு நிற்கிற நேரம்தான் சார்ஜ் ஏறுகிற நேரம். அதனால் நாற்பது வேன்களிலும் ஜிபிஎஸ் கருவியை வைத்து (ஏற்கனவே இருந்தால் அந்தப் பதிவையே எடுத்து) ஒரு மாதமாவது பாருங்கள்: ஒவ்வொரு வேனும் ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர் போகிறது, இரவு உங்கள் ஷெட்டுக்கே திரும்புகிறதா, திரும்பினால் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது. சராசரியை நம்பாதீர்கள், பண்டிகை நாள் மாதிரி அதிகம் ஓடுகிற நாளைக் கணக்கில் எடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு வேன் 120 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர மின்சார வேன் கிலோமீட்டருக்குக் கால் யூனிட்டிலிருந்து 0.3 யூனிட் வரை எடுக்கும். அதாவது நாளைக்கு 36 யூனிட்டுக்குள். இரவு பத்து மணி நேரம் ஷெட்டில் நின்றால் 7 கிலோவாட் சாதாரண ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜரே ஐந்தரை, ஆறு மணி நேரத்தில் அதை நிரப்பிவிடும். இப்படிப்பட்ட வேன்கள் உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அவைதான் முதல் சுற்று. ஒரு நாள் இங்கே, மறுநாள் வேறு ஊரில் என்று தங்குகிற வேன்களைக் கடைசிக்கு வையுங்கள். அவற்றை முதலில் மாற்றி, வழியில் சார்ஜ் இல்லாமல் நின்று, 'மின்சார வண்டி வேலைக்கு ஆகாது' என்று மொத்தத் திட்டத்தையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவில் தன் பேருந்துகள் அத்தனையையும், 16,000க்கும் மேல், மின்சாரத்துக்கு மாற்றியது. அரசு மானியம் பெரிதாகக் கைகொடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பேருந்து என்பதே இந்த வேலைக்கு வாகாக அமைந்த வண்டி. ஒரே வழித்தடம், தெரிந்த தூரம், தெரிந்த டெப்போ, இரவில் ஓய்வு.

கேள்வி: இருபது மின்சார வேன் வாங்கினால் இருபது ஃபாஸ்ட் சார்ஜர் வைக்க வேண்டுமா? மின் இணைப்பை உயர்த்தவே பெரிய செலவு வரும் என்கிறார்களே?

பதில்: யார் அப்படிச் சொன்னாரோ அவர் இருபது வேனும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் சார்ஜ் ஏறும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அப்படி நடக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே சொன்ன மாதிரி வேனுக்கு ஒரு நாளைக்கு 33 யூனிட் என்று வைத்தால் இருபதுக்கு 660 யூனிட், சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் சுமார் 730. பத்து மணி நேரத்துக்குப் பகிர்ந்து கொடுத்தால் 73 கிலோவாட் போதும். அதே இருபது வேனையும் மாலை வந்தவுடன் 7 கிலோவாட் சார்ஜரில் ஒன்றாகச் செருகி விட்டால் 140 கிலோவாட். ஃபாஸ்ட் சார்ஜர் என்றால் இன்னும் பல மடங்கு. பெரிய இணைப்புகளுக்கு, மாதத்தில் ஏதோ ஒரு கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் தொட்ட உச்ச அளவை வைத்தும் பல இடங்களில் கட்டணம் போடுவார்கள். ஒரே ஒரு மாலை கவனக்குறைவாக இருந்தாலும் அந்த மாத பில் எகிறிவிடும்.

இதற்குத்தான் 'லோடு மேனேஜ்மென்ட்' உள்ள சார்ஜர்கள். மொத்த உச்ச அளவை நீங்கள் நிர்ணயித்துவிடலாம், காலையில் முதலில் கிளம்புகிற வண்டிக்கு முதலில் என்று அது பிரித்துக் கொடுக்கும். அவசரத்துக்கு ஒரே ஒரு டிசி (நேர்திசை மின்சார) ஃபாஸ்ட் சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தோண்டும்போது எதிர்காலத்தில் வரப்போகிற வண்டிகளுக்கும் சேர்த்துக் குழாய் பதித்துவிடுங்கள், கேபிளைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். அப்புறம் இன்னொன்று, வண்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மின்வாரியத்திடம் விண்ணப்பித்துவிடுங்கள். வண்டி வந்து நின்று, இணைப்பு வராமல் காத்திருப்பது ரொம்ப சகஜம்.

கேள்வி: மின்சாரமே நிலக்கரியில் இருந்துதானே வருகிறது? புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே?

பதில்: நியாயமான கேள்வி, கணக்காகவே பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். 100 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கிற வேன் என்றால் 27 கிலோ. டீசலைத் தோண்டி, சுத்திகரித்து, பம்புக்குக் கொண்டுவரும்போது வெளியாவதையும் சேர்த்தால் 30ஐத் தாண்டும். அதே தூரத்துக்கு மின்சார வேன் இழப்போடு சேர்த்து 33 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு வெளியிடும் மின்கட்டமைப்பில் 23 கிலோ, 0.4 என்றால் 13 கிலோ. முழுக்க முழுக்க நிலக்கரி என்றால் யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும், அப்போது லாபம் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பேட்டரி செய்யும்போதே ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ வரை வெளியாகிறது, அதையும் ஓடி ஓடித்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் அதிகம் ஓடுகிற வண்டியை மாற்றுவதில்தான் பலன் அதிகம். வாரத்துக்கு இரண்டு நாள் எடுக்கிற வண்டியை விளம்பரத்துக்காக மாற்றாதீர்கள்.

ஆனால் இன்று வாங்குகிற டீசல் வண்டி கடைசி நாள் வரை அதே 2.7 கிலோதான். மின்கட்டமைப்பில் சூரிய ஒளியும் காற்றாலையும் கூடக் கூட உங்கள் பழைய மின்சார வண்டியும் தானாகச் சுத்தமாகிறது. ஷெட் கூரையில் சோலார் போட்டிருந்தால், பகலில் நிற்கிற வண்டி எது என்று பாருங்கள், அதற்கு நேராக வெயிலிலிருந்தே சார்ஜ் ஏற்றலாம். 'இடம் மாறுகிறது' என்று லேசாகச் சொல்கிறீர்கள், பள்ளி வாசலில் நிற்கிற பிள்ளைகளின் மூக்குக்கு நேராக வருகிற புகை அங்கே இல்லாமல் போவது சின்ன விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நகரத்துக்குள் மட்டும் ஓடும் எங்கள் புது டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: வடிகட்டியில் சேர்கிற கரித்தூளைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத்தான் வண்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். இரண்டு தெரு போய் நின்று, இரண்டு தெரு போய் நின்று ஓடினால் அந்தச் சூடே வராது. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நிதானமாக அரை மணி ஓட்டுங்கள், வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கு எரியும்போது எஞ்சினை அணைக்காதீர்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இது தற்காலிக வைத்தியம்தான். இந்த வண்டி செய்கிற வேலை டீசலுக்கான வேலையே இல்லை, அடுத்து மின்சாரத்துக்கு மாற வேண்டியது இதுதான்.

கேள்வி: புது வண்டி வாங்க வசதி இல்லை. பழைய டீசல் லாரிகளை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: நிறையவே முடியும். இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இங்கே கடன் வாங்காமல் நாளைக் காலையே தொடங்கலாம்.

முதலில் ரிட்டர்ன் லோடு. காலியாகத் திரும்புகிற லாரி டீசலை எரித்துக் காற்றைச் சுமக்கிறது. போட்டி நிறுவனம் என்று பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரோடு லோடைப் பகிர்ந்துகொள்ள முடிந்தால், எந்தத் தொழில்நுட்பமும் தராத லாபம் அதில் இருக்கிறது. அடுத்து வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், 90ல் போகிற லாரி 80க்கு இறங்கினால் காற்றோடு மல்லுக்கட்டுவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பதை வாரம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன்பு, அளவுமானி வைத்துப் பாருங்கள், தட்டிப் பார்த்துச் சொல்வது போதாது. வழித்தடத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் யூபிஎஸ் நிறுவனம் தன் டெலிவரி வழிகளைக் கணினி வைத்துத் திட்டமிட்டதில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி கேலன் (ஏறக்குறைய 3.8 கோடி லிட்டர்) எரிபொருள் மிச்சம் என்கிறது. உங்களுக்கு அவ்வளவு பெரிய மென்பொருள் வேண்டாம், வரைபடத்தை விரித்து ஓட்டுநரோடு உட்கார்ந்தாலே வீணான சுற்றுகள் கண்ணில் படும்.

அப்புறம் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது. கனரக லாரி சும்மா நின்றபடி மணிக்குச் சுமார் 3 லிட்டர் வரை குடிக்கும். தினம் ஒரு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 900 லிட்டர், ஏறக்குறைய 2.4 டன் கரியமில வாயு, ஒரே லாரிக்கு! ஆனால் ஓட்டுநர் ஏன் எஞ்சினை ஓடவிடுகிறார் என்று கேட்காமல் அபராதம் போடாதீர்கள். பெரும்பாலும் வெயிலில் தூங்க ஏசி வேண்டும், அல்லது கிடங்கில் லோடு இறக்க மணிக்கணக்கில் வரிசை. முதலாவதற்கு பேட்டரியில் ஓடும் கேபின் ஏசி இருக்கிறது, இரண்டாவதற்கு கிடங்குக்காரரோடு நேரம் குறித்துக்கொள்ளலாம். ஜிபிஎஸ் பதிவைத் திட்டுவதற்கு மட்டும் எடுத்தால் கருவியின் வயரே ஒருநாள் கழன்று கிடக்கும். நன்றாக ஓட்டுகிறவருக்கு மிச்சமாகிற டீசலில் ஒரு பங்கு கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சிஎன்ஜிக்கு மாறினால் போதாதா?

பதில்: கரித்தூள் குறையும், அது நல்லதுதான். எரியும்போது வரும் கரியமில வாயுவும் ஓரளவு குறையும். ஆனால் சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை வாயு, பெரும்பாலும் மீத்தேன்தான். எரியாமல் கசிந்தால் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் சூட்டைப் பிடித்து வைக்கும். கழிவிலிருந்து எடுக்கிற உயிர்வாயு பக்கத்திலேயே கிடைத்தால் யோசியுங்கள். மற்றபடி, இரவில் ஷெட்டுக்கு வருகிற வண்டிக்கு நேராக மின்சாரமே நல்லது என்பேன்.

கேள்வி: நீண்ட தூர லாரிகளுக்கு ஹைட்ரஜன் வரும் வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகும், அழுத்தி நிரப்புவதற்குத் தனிச் செலவு. கனரக லாரி 100 கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோ கேட்கும். அதாவது 400 யூனிட்டுக்கு மேல். பேட்டரி லாரி அதே வேலையை 120 முதல் 150 யூனிட்டில் முடிக்கிறது. மேலும் இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து வருவதுதான்.

நீண்ட தூரத்திலும் நிற்கிற நேரத்தைத் தேடுங்கள், இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த ஓய்வுக்குள் லாரியை நிரப்பத்தான் மெகாவாட் அளவிலான புதிய சார்ஜர்கள் வருகின்றன. உங்கள் பாதையில் அவை இல்லாத வரை நீண்ட தூர டீசல் லாரியை நன்றாகப் பராமரித்து ஓட்டுங்கள், கையில் இருக்கும் பணத்தைக் குறுகிய தூர வண்டிகளில் போடுங்கள்.

கேள்வி: சில வருடங்களில் பேட்டரி செத்துவிட்டால் மொத்தப் பணமும் போச்சே?

பதில்: பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதக் கொள்ளளவு இருக்கும் என்று வாரண்டி தருகின்றன, வணிக வண்டிக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் சார்ஜ் ஏற்றி இறக்குகிற தொழில் வண்டிகளுக்கு எல்எஃப்பி வகை, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, ஏற்றது. எடை கொஞ்சம் அதிகம், ஆனால் சார்ஜ் சுற்றுகளை அதிகம் தாங்கும், கோபால்ட்டும் நிக்கலும் தேவையில்லை. பேட்டரிக்குச் சூடு ஆகாது. முழுதாக ஏற்றி வெயிலில் நாள் கணக்கில் நிறுத்துவதுதான் மோசமானது, ஷெட்டுக்கு நிழல் கூரை போடுவது பேட்டரிக்குச் செய்கிற பராமரிப்பு.

கேள்வி: இருபது வருடமாக டீசல் மெக்கானிக். எங்கள் கம்பெனி மின்சார வண்டி வாங்குகிறது. எனக்கு வேலை இருக்குமா, தம்பி?

பதில்: அண்ணா, ஆயில், ஃபில்டர், இன்ஜெக்டர் வேலை குறையும், உண்மையைத்தான் சொல்கிறேன். ஆனால் டயர், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், கூலன்ட், சின்ன 12 வோல்ட் பேட்டரி எல்லாம் அப்படியேதான் இருக்கும். வண்டி கனம் அதிகம் என்பதால் டயர் வேலை கூடவும் செய்யலாம். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் குறைவாகத் தேயும், ஆனால் அதிகம் பயன்படாமல் துருப்பிடிக்கும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய உங்கள் கைதான் வேண்டும்.

வண்டி வருவதற்கு முன்பே உயர் மின்னழுத்தப் பயிற்சிக்கு உங்களை அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள், தயங்காதீர்கள், அது அவருடைய பொறுப்பு. பயிற்சி முடிகிற வரை ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அதில் 400 வோல்ட், பெரிய வண்டியில் அதற்கு மேலும் ஓடும், சாவியை அணைத்த பிறகும் உள்ளே சில நிமிடம் மின்சாரம் தங்கியிருக்கும். பயிற்சி முடித்த பிறகும், 1,000 வோல்ட் தாங்கும் கையுறையும், மின்சாரம் முழுதாக இறங்கிவிட்டதா என்று பார்க்கும் மீட்டரும் பட்டறையில் வாங்கி வைக்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.