கூடைப்பந்து கேள்வி–பதில்: பந்து கையில் இல்லாதவர் எங்கே நிற்பது?

கேள்வி: மேலூர் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் மாணவியர் அணியில் உயரமானவர்கள் இல்லை. ஆனால் மூன்று பேர் நல்ல ஓட்டக்காரிகள். ஸ்க்ரீன் வைத்து (எதிரணிக்காரரின் வழியில் அசையாமல் நின்று மறித்து) ஆடும் முறைகள் நான்கைந்து சொல்லிக்கொடுத்தேன். போட்டியன்று ஒன்றுகூட அவர்களுக்கு நினைவில் நிற்பதில்லை. ஆகவே பந்தைத் தட்டிக்கொண்டு நேரே ரிங்குக்குப் பாயும் டிரைவ் முறைக்கு மாறினோம். இப்போது யார் டிரைவ் போனாலும் எதிரணியில் மூன்று பேர் வந்து மறித்துக்கொள்கிறார்கள். குறை டிரிபிளிங்கிலா?

பதில்: டிரிபிளிங்கில் இருக்காது என்றே நினைக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பந்து கையில் இல்லாத நால்வரை மட்டும் பாருங்கள். ஒருத்தி டிரைவ் தொடங்கியதும் மற்றவர்கள் உதவப் போவதாக நினைத்துக்கொண்டு இரண்டிரண்டு அடி உள்ளே வந்துவிடுவார்கள். அவர்களுடன் அவர்களைக் காப்பவர்களும் வந்துவிடுவார்கள். பெரியார் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் வந்து நின்றதும் எல்லோரும் படியிலேயே நெருக்க, உள்ளே இருக்கை காலியாக இருந்தும் ஒருவரும் ஏற முடியாமல் போகிறதல்லவா, அதே கதைதான். எதிரணியின் மூன்று பேரை உள்ளே கூட்டிவந்தது நம் பெண்களே.

டிரைவையே அடிப்படையாகக் கொண்ட இந்த ஆட்டமுறையை வகுத்த வான்ஸ் வால்பெர்க் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ நகரக் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்தவர். அவரிடமிருந்து அதைக் கற்ற ஜான் கலிபாரி, மெம்பிஸ் பல்கலைக்கழக அணியை 2008-இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டம் வரை கொண்டுசென்ற பிறகுதான் அது பரவலாகப் பேசப்பட்டது. பார்ப்பவர்களுக்கு அது ஓட்டக்காரர்களின் ஆட்டமாகத் தெரிந்தாலும், அதன் உயிர் நிற்பவர்களிடம் இருக்கிறது.

நிற்கும் முறை இது. பந்து வைத்திருப்பவர் மேலே, நடுவிலிருந்து சற்று வலப்புறம் தள்ளி நிற்கிறார். வலப்புற மூலையில் ஒருவர்; இவ்விருவருக்கும் நடுவே வேறு யாரும் இல்லை. இந்த அகலமான சந்துதான் டிரைவ் போகும் வழி. இடப்புறம் மேலே ஒருவரும் மூலையில் ஒருவரும் நிற்க, போஸ்ட் ஆட்டக்காரர் பந்துக்கு எதிர்ப்பக்கமான இடப்புறத்தில், பெயிண்ட்டுக்கு (ரிங்குக்கு முன்னால் கோடிட்ட பகுதிக்கு) வெளியே, ரிங்குக்கு அருகில் நிற்கிறார்; உள்ளே நின்றால், அங்கே தங்குவதைத் தடுக்கும் மூன்று வினாடி விதியில் சிக்குவார். போஸ்ட்டைப் பந்தின் பக்கத்தில் நிறுத்துவது நம் பள்ளிகளில் பழக்கம். ஆனால் அங்கே நிறுத்தினால் அவரைக் காப்பவர் நாம் போகும் வழியிலேயே நிற்பார். எதிர்ப்பக்கம் நிறுத்தினால் அந்தக் காப்பவர் பெயிண்ட்டைக் கடந்து வந்துதான் மறிக்க வேண்டும். வந்துவிட்டால் நம் போஸ்ட் தனியாக நிற்பார்.

மூலையில் நிற்பது மிகக் கடினமான வேலை. சும்மா நிற்பதாக மாணவிக்குத் தோன்றுவதே காரணம். சர்வதேச அளவுப்படி மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் இடைவெளி 90 சென்டிமீட்டர்தான். அந்தப் பட்டைக்கு நேரே, பக்கக் கோட்டை ஒட்டி வெளியே அவளுடைய தண்ணீர் பாட்டிலை வைத்துவிடுங்கள். பந்து எங்கே போனாலும், காலை நீட்டினால் பாட்டிலைத் தொட முடிய வேண்டும் என்பது மட்டுமே விதி. பயிற்சியின் நடுவே விசில் ஊதி ‘தொடு’ என்று சொல்லுங்கள். முதல் வாரம் பாதிப் பேருக்குக் கால் எட்டாது. டிரைவ் போகக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னரே இதைச் செய்யுங்கள் என்பேன். வரிசையை மாற்றினால் பழைய பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஓட்டுபவரின், அதாவது டிரைவ் போகிறவரின், கண். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தை வாங்கியவர், நின்ற இடத்தில் தட்டிக்கொண்டிராமல், தன்னைக் காப்பவரின் இடுப்பை ஒட்டித் தோளைச் செலுத்தி இரண்டு தட்டில் பெயிண்ட்டுக்குள் போக வேண்டும். உள்ளே போனதும் ரிங்கைப் பார்ப்பதோடு, உதவிக்கு யார் வருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். யாரும் வராவிட்டால் லே-அப், அதாவது ஓடிவந்த வேகத்தில் ரிங்குக்கு அருகிலிருந்தே பந்தைப் போடுவது. மூலையைக் காப்பவர் வந்தால் பந்து மூலைக்கு. போஸ்ட்டைக் காப்பவர் வந்தால் பந்து போஸ்ட்டுக்கு. வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதால்தான், முறைகளை மறந்துபோகும் உங்கள் அணிக்கு இது பொருந்தும் என்கிறேன்.

பாஸ் கொடுப்பதானால் இரண்டு காலையும் ஒருசேர ஊன்றி நின்று கொடுக்க வேண்டும். காற்றில் எழும்பிய பிறகு யாருக்குக் கொடுப்பது என்று தேடும் பெண், பந்தை எதிரணியிடம் கொடுப்பாள், அல்லது மறித்து நிற்பவர்மேல் மோதி ஃபவுல் வாங்குவாள். புழுதி படிந்த சிமென்ட் தளத்தில் இந்த நிறுத்தம் வழுக்கும். காலையில் தளத்தைப் பெருக்காமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

இதற்கு இரண்டுக்கு ஒருவர் பயிற்சி போதும். ஓட்டுபவர் ஒருவர், மூலையில் ஒருவர், மூலையைக் காப்பவர் ஒருவர். காப்பவர் தன் விருப்பப்படி மறிக்க வரலாம், அல்லது மூலையிலேயே ஒட்டி நிற்கலாம். முன்கூட்டிச் சொல்லக் கூடாது. ஓட்டுபவர் அதைக் கண்டு முடிவெடுக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் செய்தபின் எதிர்ப்பக்கப் போஸ்ட்டையும் அவரைக் காப்பவரையும் சேர்த்து மூன்றுக்கு இருவர் ஆக்குங்கள். மூலையில் பந்தை வாங்குபவர் உடனே எறிய வேண்டும், அல்லது உடனே அடுத்த டிரைவ் போக வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு யோசித்தால் எதிரணி தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: எங்கள் கல்லூரி அணியும் டிரைவ் ஆடுகிறது. எதிரணி 2–3 ஸோனில் (ஆளைக் காக்காமல் இடத்தைக் காத்து, முன்னால் இருவர், பின்னால் மூவராக) பெயிண்ட்டை அடைத்து நின்றால் என்ன செய்வது? (வாசகர், திருமங்கலம்)

பதில்: ஸோனில் ஆளை நோக்கி ஓடாதீர்கள், இரண்டு ஆட்களுக்கு நடுவிலுள்ள சந்தை நோக்கி ஓடுங்கள். முன்வரிசை இருவருக்கும் நடுவே ஃப்ரீ த்ரோ கோடு வரை போனால் இருவரும் நெருங்குவார்கள். பின்வரிசையின் நடு ஆளும் ஏறி வருவார். அப்போது அவருக்குப் பின்னால் உங்கள் போஸ்ட்டும் இரு மூலைகளும் திறக்கும். ஆனால் மூலையிலிருந்து யாரும் போட மாட்டார்கள் என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால் அவர்கள் உள்ளேயே நிற்பார்கள். அதற்கு மருந்து எந்த முறையிலும் இல்லை. எல்லா இடத்திலிருந்தும் எறிந்து பழகாமல், ஆளுக்கு ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து மட்டும் நாள்தோறும் எறியச் சொல்லுங்கள்.

ஃபவுலுக்கு ஈடாக யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவ் ஆடும் அணிக்கு ஃபவுல் நிறையக் கிடைக்கும். ஒரு கால் பகுதியில் எதிரணியின் ஐந்தாவது ஃபவுல் முதல், எறியாத நிலையிலும் இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டு. மேலே சொன்ன மெம்பிஸ் அணி, இறுதியாட்டத்தில் இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கையில் 9 புள்ளி முன்னிலை பெற்றிருந்தும், முடிவில் ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டு, கூடுதல் நேரத்தில் கான்சஸ் பல்கலைக்கழக அணியிடம் 75–68 என்று தோற்றது. ஆகவே ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைக்காமல், ஓடிக் களைத்து மூச்சு வாங்கும் நேரத்தில் வையுங்கள்.

கேள்வி: டிரைவ் போகும்போதெல்லாம் நடுவர் எனக்கு டிராவல் (பந்தைத் தட்டாமல் அடி வைத்த தவறு) கொடுக்கிறார். மூன்று அடி வைக்கலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எது சரி? (மாணவர், உசிலம்பட்டி)

பதில்: 2017 அக்டோபரில் வந்த சர்வதேச விதிப்படி, ஓட்டத்தில் பந்தைக் கையில் எடுக்கும் கணத்தில் தரையில் ஊன்றியிருக்கும் கால் கணக்கில் சேராது, அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம். உங்கள் சீனியர்கள் இதைத்தான் மூன்று அடி என்கிறார்கள். ஆனால் அது டிரைவ் முடியும் இடத்துக்கான விதி. உங்களுக்கு டிராவல் விழுவது பெரும்பாலும் தொடக்கத்தில் இருக்கலாம்: நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஊன்றிய கால் தரையை விட்டு எழுவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்குக் கால் முந்திக்கொள்ளும். நண்பரிடம் கைபேசியைக் கொடுத்து, முகத்தை விட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழே மட்டும் படம் பிடிக்கச் சொல்லி, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பந்து தரைக்கு இறங்கத் தொடங்கும்போது உங்கள் பின்னங்கால் எங்கே இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.