அலமாரியில் கிடந்த ஆட்டோஃபோகஸ்: பிலிம் கேமரா கேள்வி-பதில்

தைப்பூசக் காவடி நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பழைய பிலிம் கேமரா பற்றியவை கூடிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே மாடல்: 1999-இல் வந்த கேனான் இஓஎஸ் 300. அமெரிக்காவில் ரெபெல் 2000, ஜப்பானில் கிஸ் III என்று விற்றார்கள். பெயர்தான் வேறு, பெட்டி ஒன்றுதான். பிரான்ஸிலிருந்து மொரிஷியஸுக்கு விடுமுறைக்கு வந்த சித்தப்பாவோ மாமாவோ கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, திரும்பும்போது இங்கேயே விட்டுவிட்டுப் போனது என்று பலர் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ரோஸ் ஹில் வாசகர்: பிலிம் போட்டு மூடியதும் கேமரா அரை நிமிடத்துக்கு 'விர்ர்' என்று சத்தம் போட்டது. எண் 36 என்று காட்டுகிறது. ஒரு படம் எடுத்தால் 35 ஆகிறது. கெட்டுப்போய்விட்டதா, ஐயா?

கெடவில்லை. அது பிறந்தபோதே அப்படித்தான். நீங்கள் மூடியவுடன் முழு ரோலையும் டப்பாவிலிருந்து வெளியே இழுத்து மறுபக்கம் சுற்றிவைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் ஒரு ஃப்ரேம் டப்பாவுக்குள் திரும்பிப் போகும். அதனால்தான் எண் குறைந்துகொண்டே வருகிறது. எத்தனை எடுத்தோம் என்பதை அது சொல்லாது, இன்னும் எத்தனை பாக்கி என்பதைத்தான் சொல்லும்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பாதி ரோலில் யாராவது பின்கதவைத் திறந்துவிட்டால், எடுத்த படங்கள் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கும். கடைசி ஒன்றிரண்டில் மட்டும் வெளிச்சம் பட்டிருக்கலாம், எடுக்காத மிச்சம் போய்விடும், அவ்வளவுதான். என் முதல் கேமரா வேறு வகை, எடுக்க எடுக்க வெளியே சுற்றிக்கொண்டே போகும். என் தம்பி மகன் ஆறு வயதில் அதன் கதவைத் திறந்து பார்த்தான். அக்கா கல்யாணத்தில் தாலி கட்டிய நேரத்துப் படங்கள் எல்லாம் அந்த ரோலில்தான் இருந்தன.

காத்ர் போர்ன் வாசகி: காவடியைப் படம் எடுக்க வேண்டும். ஆனால் போன வருடம் பாதிப் படங்களில் முகம் மங்கல், பின்னால் நிற்கும் ஆள் தெளிவு. இன்னும் சிலவற்றில் முகம் கறுத்துப்போய்விட்டது. ஃப்ளாஷ் போட்டால் சரியாகிவிடுமா, அண்ணா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி, அம்மா. ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் ஃபோகஸ். இந்தக் கேமராவில் ஏழு ஃபோகஸ் புள்ளிகள். எல்லாவற்றையும் அதன் விருப்பத்துக்கு விட்டால், பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதையோ பளிச்சென்று தெரிவதையோ பிடித்துக்கொள்ளும். காவடியில் கிட்டத்தில் இருப்பது மயிலிறகோ, யாரோ ஒருவரின் தோளில் இருக்கும் பால்குடமோதான். பின்பக்கம் வலது மேல் மூலையில் இருக்கும் புள்ளித் தேர்வு பட்டனை அழுத்தி, சக்கரத்தைத் திருப்பி, நடுப்புள்ளியை மட்டும் வையுங்கள். ஏழில் கெட்டிக்காரப் புள்ளி அதுதான். நெடுக்குக் கோட்டையும் படிக்கும், குறுக்குக் கோட்டையும் படிக்கும். அதைக் கண்ணின் மேல் வைத்து பட்டனைப் பாதி அழுத்துங்கள், 'பீப்' கேட்டதும் விடாமல் சட்டத்தை (ஃப்ரேமை) நகர்த்தி, பிறகு முழுதாக அழுத்துங்கள்.

கற்பூரப் புகைக்குள் இருக்கும் முகத்தில் எந்தப் புள்ளியும் தடுமாறும். ஆட்டோஃபோகஸ் தேடுவது வெளிச்ச வித்தியாசத்தை. புகைக்கு விளிம்பு ஏது? அப்போது அதே தூரத்தில் இருக்கும் வேறொன்றைப் பிடியுங்கள். வேட்டிக் கரை, நெற்றித் திருநீற்றுப் பட்டை, காவடியில் கட்டிய எலுமிச்சம்பழம் எதுவாக இருந்தாலும் சரி. நடந்து வருபவர்களை எடுக்க சக்கரத்தை ஓடும் மனிதர் படத்துக்குத் திருப்புங்கள். அந்த முறையில் அது விடாமல் பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்யும்.

இரண்டாவது, கறுத்த முகம். பளிச்சென்ற ரோஸ் நிற உடை, பின்னால் ஜனவரி வெயில், நடுவில் நம் முகம். கேமரா 35 பகுதிகளாகப் பிரித்து வெளிச்சத்தை அளந்து, சராசரியாக ஒரு முடிவுக்கு வரும். அதில் முகம் தோற்றுவிடும். அதற்குத்தான் கட்டைவிரல் படும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன் இருக்கிறது. முகத்துக்கு நேராக நடுவை வைத்து அதை அழுத்தினால், சட்டத்தின் நடுவே 9.5 சதவீத இடத்தை மட்டும் அளந்து அந்த அளவைப் பூட்டிவைக்கும். பிறகு சட்டத்தை நகர்த்தி எடுக்கலாம். கலர் நெகட்டிவ் பிலிமானால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டி எடுப்பதே நல்லது. வெளிச்சம் கொஞ்சம் அதிகமானால் அது தாங்கும், குறைந்தால் நிழலெல்லாம் சேறாகிவிடும். ஸ்லைட் பிலிமில் இந்தப் பெருந்தன்மை கிடையாது.

மூன்றாவது, ஃப்ளாஷ். கோர் தெ கார்ட் மலையடிக் கோவில் வாசலில் உச்சி வெயிலில் ஃப்ளாஷைத் தூக்கிவைத்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கணக்கைச் சொல்கிறேன். ஃப்ளாஷ் போட்டால் இந்தக் கேமராவின் ஷட்டர் வேகம் 1/90 விநாடிக்கு மேல் போகாது. ஐஎஸ்ஓ (பிலிமின் வேக எண்) 100 பிலிமில், நல்ல வெயிலில், 1/90-க்கு அபர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு, எஃப்/16. உள்ளே இருக்கும் குட்டி ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர் 12. பன்னிரண்டைப் பதினாறால் வகுத்தால் முக்கால் மீட்டர். அதாவது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் அது முழு வெளிச்சம் தரும். நாலு மீட்டர் தள்ளி வரும் காவடிக்கு அது ஒன்றுமே இல்லை. வேகமான பிலிம் போட்டாலும் அபர்ச்சரும் அதே அளவுக்குச் சுருங்குவதால் தூரம் கூடாது.

மண்டபத்து நிழலுக்குள் போய்விட்டால் கதை வேறு. ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6 என்றால் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரை எட்டும். ஆனால் கண்ணுக்கு எதிரே வெட்டும் அந்த வெளிச்சம் வேல் குத்தி மௌனத்தில் நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் கோவிலுக்குள் போடுவதில்லை.

போர்ட் லூயி வாசகர்: பேட்டரி எது? கடையில் கொடுத்தது உள்ளே போகவில்லை.

உங்களுக்கு சிஆர்123ஏ-வைக் கொடுத்திருப்பார்கள். அது தடிமன். இதற்கு சிஆர்2 இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் 3 வோல்ட், லித்தியம். சார்ஜ் செய்யும் வகையைத் தவிருங்கள், சிலவற்றில் முழுச் சார்ஜில் வோல்ட் எகிறும். ஃப்ளாஷ்தான் பேட்டரியைத் தின்னும். மேலே சொன்ன கணக்கு உங்கள் பர்ஸுக்கும் நல்லது.

கியூர்பிப் வாசகி: அப்பாவின் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது. துடைத்தால் போகவில்லை.

அது வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. பூஞ்சை. உங்கள் ஊரில் துணியே காய மாட்டேன் என்கிறது, லென்ஸ் என்ன செய்யும்? கொஞ்சம்தான் என்றால் படத்தில் பெரிதாகத் தெரியாது, எதிர்வெயிலில் மட்டும் படம் வெளிறிப்போகும். ரொம்ப வளர்ந்திருந்தால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும், பிரித்துச் சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. 28-90 மாதிரி, கேமராவோடு சேர்த்து விற்ற கிட் லென்ஸ் என்றால் பிரிக்கும் கூலிக்கே இன்னொன்று வாங்கிவிடலாம். பூஞ்சை பிடித்ததை மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

தோல் பையில் வைத்து அலமாரியில் பூட்டுவதுதான் நாம் செய்யும் தப்பு. தோல் ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், இருட்டு வேறு. சமையலறையில் இருக்கும் நல்ல மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஐந்து வெள்ளிக்கு ஒரு சின்ன ஈரமானி... பழக்கதோஷம், ரூபாய் கணக்கில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் சில வருடம் சிங்கப்பூரில் இருந்தவன். ஈரம் 40-க்கும் 50-க்கும் இடையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், வாரம் ஒரு முறை வெளியே எடுத்து உபயோகியுங்கள்.

ஃபிளிக் ஆன் ஃபிளாக் வாசகர்: மகனின் டிஜிட்டல் கேமராவில் இருக்கும் 18-55 லென்ஸ் இதில் மாட்டவில்லை. கடல் தண்ணீரின் பளபளப்பைக் குறைக்க ஃபில்டர் எது?

லென்ஸின் அடியில் வெள்ளைச் சதுரக் குறி இருந்தால் அது இஎஃப்-எஸ், இதில் ஏறாது, திணிக்காதீர்கள். சிவப்புப் புள்ளி இருந்தால் இஎஃப், 1987 முதல் வந்த எதுவும் ஏறும், நேற்று வாங்கிய இஎஃப் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் உட்பட. 335 கிராம் உடம்புக்கு அந்தக் குட்டி லென்ஸைப் போல ஜோடி கிடையாது.

ஃபில்டர் போலரைசர், அதிலும் சர்க்குலர் வகை. ஆட்டோஃபோகஸ் கேமராவின் கண்ணாடி வழியே கொஞ்சம் வெளிச்சம் கீழே ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது, பழைய லீனியர் போலரைசர் அந்தப் பங்கைக் குழப்பிவிடும். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உடம்பைத் துடையுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடியை மட்டும் தொடவே கூடாது.

மாஹேபூர் வாசகர்: இன்ஃப்ராரெட் பிலிமில் கரும்புத் தோட்டத்தை எடுக்க ஆசை.

இந்தக் கேமராவில் வேண்டாம். பிலிமின் ஓட்டைகளை எண்ணுவதற்கே உள்ளே அது இன்ஃப்ராரெட் விளக்கைத்தான் எரிக்கிறது. அந்த ஒளி பட்டு ரோலில் மங்கல் படிந்துவிடும்.

ட்ரியோலே வாசகி: ரோல்களைக் கழுவ சென்னையில் இருக்கும் அக்காவிடம் கொண்டுபோகிறேன். விமான நிலையத்தில் கெடுமா?

பெட்டியில் போட்டு அனுப்பினால் கெடும், அதை மட்டும் செய்யாதீர்கள். கைப்பையில் வையுங்கள். பழைய எக்ஸ்ரே இயந்திரம் என்றால் ஐஎஸ்ஓ 400 ஓரிரு முறையைத் தாங்கிவிடும். இப்போது பல ஊர்களில் வந்திருக்கும் சிடி (CT) வகை ஸ்கேனரை எந்த பிலிமும் தாங்காது. எல்லா ரோலையும் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் பையில் தனியாகப் போட்டு, பெல்ட்டில் வைப்பதற்கு முன்பே கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முறை நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டேன். பதினோரு ரோலிலும் சாம்பல் நிற அலை.

வக்வா வாசகர்: கேனானை விற்றுவிட்டு நிக்கான் எஃப்75 அல்லது மினோல்டா டைனாக்ஸ் 5 வாங்கலாமா?

எதற்கு? டைனாக்ஸ் 5 (2001) நல்ல கேமராதான், ஷட்டர் 1/4000 வரை போகும், ஃப்ளாஷோடு 1/125. வெயில் ஊருக்கு அது உண்மையான லாபம். எஃப்75 (2003) வாங்குவதானால் கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குங்கள். பின்பக்கத்து ரப்பர் பூச்சு வருடங்கள் போகப் போக வெல்லப்பாகு மாதிரி ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தேய்த்தால் வந்துவிடும், அரை நாள் வேலை. உங்கள் கேனானோடு அதற்கான லென்ஸ்கள் இரண்டும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்குப் பத்து ரோல் வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள், காவடிக்கு முந்தின நாள் வெளியே எடுத்து வைத்தால் போதும்.