அவுட்ரீச்சி வழியாக லினக்ஸ் கர்னல்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் உதவித்தொகையோடு இன்டர்ன்ஷிப் தரும் அவுட்ரீச்சி வழியாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் முடித்தேன். அது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, அவுட்ரீச்சியும் கூகுள் சம்மர் ஆஃப் கோடும் ஒன்றா? (மூன்றாமாண்டு மாணவி, கோவை)

இல்லைம்மா. ஓப்பன் சோர்ஸில் கோடு எழுத உதவித்தொகை தரும் தன் திட்டத்தைக் கூகுள் 2005-ல் தொடங்கியது. மறுவருஷம் அதில் க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டத்துக்கு 181 விண்ணப்பம் வந்தது. ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. அதைப் பார்த்து க்னோம்காரர்கள் பெண்களுக்கென்று தனியாக நடத்தியதுதான் அவுட்ரீச்சிக்கு வித்து. கர்னல் 2013-ல் சேர்ந்தது. இப்போது பெண்களுக்கு மட்டுமல்ல, தன் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்படுகிற எவரும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை 7,000 டாலர், எந்த ஊரில் இருந்தாலும் அதே தொகை. கூகுள் திட்டத்தில் நாட்டுக்கு நாடு மாறும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதை ஏற்கெனவே முடித்தவர் இதற்கு வர முடியாது.

கர்னல் என்றால் சி மொழியில் புலியாக இருக்க வேண்டாமா?

பாயின்டரும் ஸ்ட்ரக்சரும் படித்துப் புரிந்தால் தொடங்கலாம். தேர்வுக்கு முன் ஒரு மாதம் போலப் பங்களிப்புக் காலம் உண்டு. அப்போது டிரைவர்களின் (கருவிகளை இயக்கும் நிரல்கள்) ஸ்டேஜிங் பகுதிக்குச் சின்னச் சின்ன பேட்ச், அதாவது கோடில் செய்த திருத்தம், மெயிலில் அனுப்புவோம். தரம் போதாமல் காத்திருக்கும் டிரைவர்கள் அங்கேதான் கிடக்கும். கோடு எழுதும் விதிகளைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓடவிட்டால் குறைகளைக் காட்டும். அது சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திருத்தாதீர்கள், சில இடங்களில் பழைய வரிதான் படிக்க நன்றாக இருக்கும்.

ஒரு வரி திருத்தத்துக்கு இத்தனை மெயிலா? ரிவ்யூவில் திட்டுவார்களாமே? (ஐ.டி. ஊழியர், சென்னை)

தம்பி, இந்த இன்டர்ன்ஷிப்பின் பாதி இதுதான். ஓர் உதாரணம்: கேமல்லாக் கூப்பிட்டு நினைவகம் வாங்கி, அடுத்து மெம்செட் போட்டு அதைப் பூஜ்யமாக்கியிருப்பார்கள். இரண்டையும் ஒரே கேஇசட்அல்லாக்காக மாற்றலாம். மாற்ற ஒரு நிமிஷம். "கோடைச் சுத்தம் செய்தேன்" என்று கமிட் மெசேஜ் (மாற்றத்தோடு சேர்ந்து பதிவாகும் குறிப்பு) எழுதினால் திரும்பி வரும். என்ன மாற்றினாய் என்பது பழைய வரியையும் புது வரியையும் காட்டும் டிஃப்பிலேயே தெரிகிறது. ஏன் மாற்றினாய், மாற்றியதால் வேறெதுவும் கெடாது என்று எப்படி நம்புவது என்பதுதான் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கு வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த வரியைப் பார்த்துத் தலையைச் சொறிகிறவருக்கும் அதுதான் வேண்டும். நான் கோடு எழுதியதைவிட இப்படி விளக்கம் எழுதியதில்தான் அதிகம் கற்றேன்.

திருத்திய பேட்சை வி2, வி3 என்று எண் போட்டு அனுப்ப வேண்டும். முந்தையதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதை மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். அது கர்னலின் மாற்ற வரலாற்றில் ஏறாது, படிப்பவருக்கு மட்டும் உதவும். மெயில் வெறும் எழுத்தாக இருக்கணும். உலாவியில் ஜிமெயிலைத் திறந்து ஒட்டினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகி பேட்ச் உடைந்துபோகும், பேட்ச் அனுப்பவென்றே உள்ள கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

திட்டு? "ஏன்?" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும், அவ்வளவுதான். அவர்கள் முன்னால் நூற்றுக்கணக்கான பேட்ச் குவிந்திருக்கும். கோபமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பதிலே வராவிட்டால் ஓரிரு வாரம் பொறுத்து மறுபடி அனுப்பலாம்.

மூன்று மாதத்தில் உங்கள் கோடு லினக்ஸில் வந்துவிட்டதா?

கொஞ்சம். கர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. புதுசாக ஏதும் சேர்ப்பது முதல் இரண்டு வார மெர்ஜ் விண்டோவில் மட்டும். பிறகு வாராவாரம் சோதனைப் பதிப்புகள். உங்கள் பேட்ச் முதலில் மெயின்டெய்னரின் கிளைக்குப் போகும், அங்கிருந்து அடுத்த பதிப்புக்கானவற்றைச் சேர்த்துச் சோதிக்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட், அடுத்த விண்டோவில்தான் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸிடம். கடைசி மாதத்தில் எழுதியது இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகே போய்ச் சேரும். இது தெரியாமல் "என் வேலை வீணா" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நெட்டில் டாலர் தருகிறேன் என்றால் ஏமாற்று வேலைதானாம்!

பயம் நியாயம்தான். அவுட்ரீச்சி உங்களிடம் ஒரு பைசா கட்டணம் கேட்காது. எவனாவது கேட்டால் அவன் அவுட்ரீச்சி இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் வங்கியில் பர்பஸ் கோடு (பணம் எதற்காக வருகிறது என்பதற்கான குறியீடு) கேட்பார்கள். வரி விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடித்தால் வேலை நிச்சயமா?

நிச்சயமில்லை. நேர்காணலில் என் கமிட்களைத் திறந்து வைத்துக் கேள்வி கேட்டார்கள், அது எனக்கு வசதியாக இருந்தது.

தேர்வாகாவிட்டால் அந்த ஒரு மாத உழைப்பு போச்சா, அக்கா?

ஏற்கப்பட்ட பேட்ச் உங்கள் பெயரில் கர்னலில் அப்படியே இருக்கும். வருஷத்துக்கு இரண்டு சுற்று: மே முதல் ஆகஸ்ட், டிசம்பர் முதல் மார்ச். அடுத்த சுற்றுக்கு மறுபடி போடுங்கள், அதுவரை அதே டிரைவரில் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.